கூறைத்தட்டில் வந்த கிறீம்

அனுப்புநர்:
அருமைராசா அனோஜினி,
மே/பா திருமதி பாலாம்பிகை இரவிச்சந்திரன்,
நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்.

பெறுநர்:
பரிசோதனை அதிகாரி அவர்கள்,
நுகர்பொருள் பாதுகாப்பு அலுவலகம்,
மொன்றியல்.

பொருள்: ஜான்-டலோன் தெருவில் உள்ள மலிவு விலைக் கடை ஒன்றில் திருமணத் தட்டுகளுக்கென விற்கப்பட்ட முகக் கிறீமைப் பரிசோதித்து, முடிவை எழுத்தில் தருமாறு கோரல்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி,

மன்னார் மாவட்டத்தில் ஓர் அரச அலுவலகத்தில் பொதுமக்களின் முறைப்பாடுகளைத் திறந்து பதிவு செய்யும் கதிரையில் சில வருடம் இருந்தவள் நான். நீளமான மனுவில் முதல் பந்தியையும் கடைசிப் பந்தியையும்தான் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இத்துடன் முத்திரை உடையாத ஒரு கிறீம் டப்பா உள்ளது. அதற்குள் பாதரசம் இருக்கிறதா இல்லையா என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அந்த ஒரு சொல் எனக்கு ஏன் வேண்டும் என்பதைக் கீழே விளக்குகிறேன். நேரமிருந்தால் முழுவதையும் வாசிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். எனது பிரெஞ்சு, வகுப்பில் காலநிலையைப் பற்றி நாலு வசனம் பேசும் அளவில் நிற்கிறது. சமூக நிலையத்தில் ஒரு தொண்டர் மொழிபெயர்த்துத் தந்த ஒரு பக்கச் சுருக்கத்தை இணைத்துள்ளேன். அவர் நல்ல பிள்ளை. ஆனால் எனது கோபம் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, நான் யாரோ ஒருவருடைய சுகவீனத்தைப் பற்றி விசாரிப்பது போல எழுதிவிட்டார். ஆகையால் தமிழ்ப் பிரதியையே எனது மனுவாகக் கொண்டு, தங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் ஒப்படைக்குமாறு வேண்டுகிறேன். மற்றவர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே எழுதியுள்ளேன். அதைத் திருத்தினால் சாட்சி கெட்டுவிடும் என்று எனது பழைய அலுவலகத்தில் சொல்லித் தந்தார்கள்.

2. நான் மன்னார் பேசாலையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். வயது இருபத்தொன்பது. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் தாயாருடனும் தங்கையுடனும் வசிக்கும் திரு. றூபன் என்பவருடன் ஊரில் எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், மட்டும் முடிந்தது. பிறகு அவர் பொறுப்பேற்று அழைத்து, சென்ற வருடம் வசந்தகாலத்தில் இங்கு வந்தேன். விசாவுக்கு முன் கொழும்பில் மருத்துவப் பரிசோதனை செய்தார்கள். இரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எல்லாம் பார்த்துவிட்டு எதிலும் குறையில்லை என்றார்கள். தேவாலயத் திருமணம் ஜூலையில் மொன்றியலில் நடந்தது. எனது பெற்றோருக்கு விசா கிடைக்கவில்லை. அப்பா திரு. அருமைராசா படகு இயந்திரம் திருத்துபவர். அவர் வேட்டி சால்வை உடுத்தி, பேசாலை வீட்டு முன்னறையில் கதிரை போட்டு இருந்து, கைப்பேசியில் என் கல்யாணத்தைப் பார்த்தார். குருவானவர் எழும்பச் சொன்னபோதெல்லாம் அங்கே அவரும் எழும்பி நின்றதாக அம்மா பிறகு சொன்னார்.

3. எங்கள் வழக்கம் ஒன்றைத் தங்களுக்கு விளக்க வேண்டும். திருமணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மணமகளுக்கான கூறைச் சேலையை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். அதற்குப் பெயர் கூறைத்தட்டு. சேலையுடன் சீப்பு, கண்ணாடி, சவர்க்காரம், பவுடர், வாசனைத் தைலம், கிறீம் ஆகியவையும் இருக்கும். இனி உனக்குத் தேவையானதை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று அந்த வீடு சொல்லும் வாக்கு அது. குருவானவர் தாலியையும் கூறையையும் ஆசீர்வதித்துத் தீர்த்தம் தெளித்தபோது அந்தத் தட்டின் மீதும் பட்டது. வீடியோ எடுத்தவர் ஒவ்வொரு பொருளாகக் கிட்டப் போய் எடுத்தார். முத்துப் பதித்தது போன்ற மூடியுடன் மூன்று வெள்ளை டப்பாக்கள் தனித்தனிச் செலோபேன் தாளுக்குள் மினுங்கிக்கொண்டிருந்தன. இணைத்துள்ள படத்தில் அவற்றைக் காணலாம்.

4. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு முறை உண்டு. கூறைத்தட்டில் வந்த சவர்க்காரத்தைப் போட்டுத்தான் மணமகள் மறுநாள் முகம் கழுவ வேண்டும். அதில் வந்ததைத்தான் பூச வேண்டும். அது முடியும்வரை வேறொன்றை வாங்கக் கூடாது. வாங்கினால் புகுந்த வீட்டார் தந்ததை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். எனது அம்மாவும் பெரியம்மாவும் அப்படித்தான் செய்தார்கள். நான் விமானம் ஏறும்போது அம்மா சொன்ன கடைசிப் புத்திமதிகளில் இதுவும் ஒன்று: "தட்டில வாறதை மூலைக்குள்ள போட்டிடாதை பிள்ளை. மாமின்ர மனம் நோகும்." நான் மூலைக்குள் போடவில்லை. காலையிலும் மாலையிலும் பூசினேன்.

5. ஒரு மாதத்துக்குள் முகம் வெளுக்கத் தொடங்கியது. கடற்கரையில் வளர்ந்த கறுத்தப் பிள்ளை நான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைச் சாடைமாடையாகச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். இங்கே ஞாயிற்றுப் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது பெண்கள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "கனடாத் தண்ணி நல்லாப் பிடிச்சிட்டுது" என்றார்கள். என் மாமியார் திருமதி அக்னெஸ் அதைக் கேட்டுப் பூரித்துப்போய், "எங்கட வீட்டுச் சாப்பாடு அப்பிடி" என்று சொல்லுவார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. கண்ணாடி பார்க்கப் பிடித்திருந்த காலம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். முதல் டப்பா முடிந்ததும் இரண்டாவதைத் திறந்தேன். குளிர் தொடங்கித் தோல் வறண்டபோது கழுத்துக்கும் கைகளுக்கும் சேர்த்துப் பூசினேன்.

6. நவம்பரில் கால் வீங்கியது. காலையில் எழும்பும்போது கண் இமைகள் தடித்திருக்கும். கை நடுங்கியதில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளம் வந்தது. மாமியார் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு நான் கர்ப்பம் என்று நம்பினார். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். ஜான்-டலோன் சந்தைக்குப் போய் எனக்கென்று மாதுளம்பழம் தெரிந்து எடுத்து வந்தார். அவர் தன் கையால் உரித்துத் தர நான் இருந்து தின்ற நாட்களை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. சோதித்தபோது பிள்ளை இல்லை என்று தெரிந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் என்னைக் கூப்பிடும் குரலே மாறிவிட்டது. சிறுநீர் சவர்க்கார நுரை போலப் போவதை நான் எவரிடமும் சொல்லவில்லை. வாழ வந்த வீட்டில் அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

7. ஜனவரியில் பனி கொட்டிய ஒரு நாள் எனக்கு மூச்சு எடுக்க முடியாமல் போனது. சப்பாத்துக்குள் கால் நுழையவில்லை. றூபன் தனது பெரிய பூட்சைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு, தான் வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கிக் காரைக் கிளப்பினார். மருத்துவமனையில் முதுகுப் பக்கமாக ஊசி ஏற்றிச் சிறுநீரகத்தில் ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். வடிகட்டும் பகுதி பழுதாகி, உடம்பின் புரதம் எல்லாம் சிறுநீரில் போவதாகச் சொன்னார்கள். ஏன் பழுதானது என்று முதலில் பிடிபடவில்லை. பிறகு சிறுநீரக மருத்துவர், வயதான ஒரு பெண்மணி, என் முகத்தின் நிறத்தையும் தோள்பட்டையின் நிறத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒரு கேள்வி கேட்டார். முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்பதே அக்கேள்வி.

8. எனது இரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் மிக அதிகமாக இருந்தது. தோலை வெளுக்க வைப்பதற்காகச் சில மலிவுக் கிறீம்களில் அதை எவருக்கும் சொல்லாமல் கலந்துவிடுகிறார்கள் என்றும், அது தோலுக்குள்ளால் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும் மருத்துவர் விளக்கினார். நான் பாவித்த அரைவாசி டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். லேபிளில் தண்ணீர், கிளிசரின், முத்துப்பொடி என்று பிரெஞ்சில் இருந்தது. அவர் நகத்தால் அதன் ஓரத்தை உரித்தார். அடியில் இன்னொரு லேபிள் இருந்தது. அது எங்கள் இருவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது.

9. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று டப்பாவை மாமியாரிடம் காட்டினேன். அவர் கூறியது வருமாறு: "ஐயோ பிள்ளை, அது தட்டுக்கு வைச்சதெல்லோ. அதை ஆர் உன்னைப் பூசச் சொன்னது?"

10. இந்த இடத்தில் தாங்கள் சற்று நின்று வாசிக்குமாறு கேட்கிறேன், ஏனெனில் எனக்கும் இது விளங்க நேரம் எடுத்தது. இங்கே கூறைத்தட்டு வீடியோவுக்காக வைக்கப்படுகிறது. கல்யாணம் முடிந்ததும் அதைச் செலோபேன் தாளுடனேயே வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துவிடுவார்கள். பெண் தான் பூசுவதைத் தானே நல்ல கடையில் வாங்கிக்கொள்வாள். ஆகவே தட்டில் வைப்பதற்கு மலிவுக் கடையில் பார்வைக்கு எடுப்பாக இருப்பதை எடுத்தால் போதும். இது இங்கே வளர்ந்தவர்களுக்கும் இங்கே பழகியவர்களுக்கும் நன்றாகத் தெரியும். திருமதி அக்னெஸ் எனக்குக் கெடுதல் நினைத்து எதையும் வாங்கவில்லை என்பதை நான் மனதாரப் பதிவு செய்கிறேன். நான் காலையும் மாலையும் பூசியது அவருக்குத் தெரியாது. அது பூசுவதற்கு இல்லை என்பது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே குளியலறையைப் பாவித்துக்கொண்டு, நாங்கள் இருவரும் இப்படித்தான் இருந்தோம்.

11. அவர் பதறிச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தோடு விடயம் முடிந்திருந்தால் இம்மனு எழுதப்பட்டிருக்காது. சில நாட்களில் கதை மாறியது. வருத்தக்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற பேச்சு உறவினரிடையே கிளம்பியது. பாதரசம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்குப் பதில்கள் தயாராக இருந்தன. மன்னாரில் மூன்று நேரமும் மீன் தின்றவள். ஊரில் ஏதோ நோய்க்கு நாட்டு மருந்து எடுத்திருப்பாள், அதில் பாதரசம் சேர்ப்பார்கள். அப்படியானால் கொழும்பில் எடுத்த பரிசோதனை? அதற்கும் பதில் இருந்தது. மாமியார் தொலைபேசியில் கூறியதை நான் அடுத்த அறையில் படுத்திருந்தபடி கேட்டேன்: "காசைக் குடுத்தால் அங்க என்ன துண்டும் எடுக்கலாம். தகப்பன் அதில விண்ணன்." எனது அப்பா, திருத்திய இயந்திரம் மறுநாள் நின்றுவிட்டால் கூலியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும் மனிதர். மாதுளம்பழம் உரித்துத் தந்த கையை நினைத்து நான் அன்று வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

12. மருத்துவர் ஒரு கடிதம் தந்தார். ஆனால் அவர் நேர்மையான மனுசி. உடம்பில் பாதரசம் இருப்பதைத் தன்னால் உறுதிப்படுத்த முடியும், அது கிறீமால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனால் அந்தக் கிறீமைச் சோதிக்காமல் அப்படித்தான் என்று எழுத முடியாது என்றார். அரைவாசி பாவித்த டப்பாவைச் சோதித்தால், அதற்குள் நானே எதையோ கலந்தேன் என்று சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே சொல்லியும் விட்டார்கள்.

13. மார்ச் மாதம் நான் அந்த வீட்டிலிருந்து வெளியேறினேன். வெளியேறினேன் என்பது மரியாதைக்காக எழுதுவது. சிகிச்சைக்குப் போய்த் திரும்பியபோது எனது சூட்கேஸ் கதவடியில் இருந்தது. நான் திரும்பவும் மருத்துவமனைக்கே போய், வேறெங்கே போவதென்று தெரியாமல், காத்திருக்கும் பகுதியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே துப்புரவு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண்மணி பாலாம்பிகை அக்கா என்னை முன்பின் அறியாதவர். நான் தமிழில் அழுததைக் கேட்டு வந்ததாகப் பிறகு சொன்னார். இப்போது அவருடைய வீட்டில் இருக்கிறேன்.

14. திரு. றூபன் தற்போது இத்திருமணம் செல்லாது என்று தீர்க்கும்படி திருச்சபையின் திருமண நீதிமன்றத்தில் விண்ணப்பித்துள்ளார். எங்கள் திருச்சபையில் மணமுறிவு கிடையாது. ஆனால் ஒருவர் பாரதூரமான ஒன்றை வேண்டுமென்றே மறைத்து மணம் முடித்திருந்தால், அது தொடக்கத்திலிருந்தே திருமணம் அல்ல என்று அறிவிக்க இடமுண்டு. அவர் எழுதியுள்ள காரணம், மணமகளும் அவரது பெற்றோரும் தீராத சிறுநீரக நோயை மறைத்தார்கள் என்பதாகும். எனக்குப் பூட்ஸ் மாட்டிவிட்ட அதே கைதான் அதில் கையொப்பம் இட்டிருக்கிறது. முதலாவதை நான் மறக்கவில்லை. இரண்டாவதை மன்னிக்கவில்லை. அவர் என்னுடன் வாழ வேண்டும் என்று நான் எவரிடமும் கேட்கவில்லை. எனக்கு நோயாளி மனைவி வேண்டாம் என்று உள்ளதை எழுதியிருந்தால் நானே பக்கத்தில் கையொப்பம் வைத்திருப்பேன். மறைத்தார்கள் என்ற அந்தச் சொல்லை மட்டும் என்னால் விட முடியாது. விசாரணை ஜூன் மாத முடிவில் நடக்கிறது.

15. நான் அந்தக் கடைக்கும் போனேன். உரிமையாளர் எங்கள் ஆள்தான். அப்படி ஒரு பொருளைத் தான் விற்றதே இல்லை என்று முதலில் மறுத்தார். கல்யாண வீடியோவைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். தட்டைச் சாய்த்துப் பிடித்த ஓரிடத்தில் டப்பாவின் அடியில் அவரது கடையின் பச்சை விலைத்துண்டு தெளிவாகத் தெரிகிறது. அதைப் பார்த்ததும் அவர் கதிரை எடுத்துப் போட்டு என்னை இருத்தி, ஒரு சோடாவும் தந்தார். பிறகு கூறியது வருமாறு: "தங்கச்சி, அது தட்டுச் செட். பூசிறதுக்கெண்டு நான் ஆருக்கும் விக்கேல்லை. வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ, ஒருத்தரும் பூசிறேல்லை." இதை யார் கொண்டுவந்து தருகிறார்கள் என்று கேட்டேன். "டெலிவரி வானில கொண்டுவந்து இறக்குவினம். ஆரெண்டு வடிவாத் தெரியாது" என்றார். சோடாவை நான் குடிக்கவில்லை. அடுத்த முறை போனபோது தட்டுச் செட் இருந்த அடுக்கில் மெழுகுதிரிகள் இருந்தன. கல்யாணத் தட்டுகள் ஓடருக்குச் செய்து தரப்படும் என்ற அறிவித்தல் மட்டும் வாசலில் அப்படியே தொங்குகிறது. இது மே மாதம். கல்யாணங்களும், பூப்பெய்திய பிள்ளைகளுக்குச் செய்யும் சாமத்திய வீடுகளும் தொடங்கப் போகின்றன.

16. என் நிலையைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். முகத்துக்குப் போடுகிற சாமானை மலிவுக் கடையில் வாங்கலாமா? கேட்பவர்களின் குளியலறையைத் திறந்து பார்த்தால் பாதிச் சாமான் அங்கிருந்துதான் வந்திருக்கும். எனது ஷாம்பூவும் குளிருக்குப் போடும் காலுறையும் அங்கே வாங்கியவைதான், அவற்றில் எந்தக் குறையும் இல்லை. மருந்துக் கடையில் விற்கும் ஒரு சின்னக் கிறீமின் விலைக்குப் பாலாம்பிகை அக்கா பல நாள் சமைத்துவிடுவார். கையில் காசில்லாதவள் முகத்துக்கு எதுவும் பூசக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் இருந்தால் அதையும் தெரியப்படுத்துங்கள். இல்லையென்றால் மலிவான பொருளிலும் நஞ்சு இருக்கக் கூடாது என்றும், அதைப் பார்ப்பதற்காகவே தங்கள் அலுவலகம் இருக்கிறது என்றும் நான் விளங்கி வைத்திருக்கிறேன். வாங்கலாமா என்று என்னிடம் கேட்கும் எவரும் விற்கலாமா என்று அந்த உரிமையாளரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் இப்போதும் பூசைக்கு வந்து முன்வரிசையில் இருக்கிறார். லேபிளின் மேல் லேபிள் ஒட்டிய, செய்தவரின் விலாசம் இல்லாத, ஒரு மாதத்தில் ஆளை வெளுக்க வைக்கும் எதையும் தொடக் கூடாது என்று நான் இப்போது எல்லோருக்கும் சொல்லுகிறேன். அதை எனக்கு யாராவது ஜூலையில் சொல்லியிருக்கலாம்.

17. இப்பந்தியை வெளியாருக்கு வழங்கும் பிரதிகளில் மறைத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இத்துடன் உள்ள டப்பா, தட்டில் வந்த மூன்றில் மூன்றாவது. கண்ணாடி அலுமாரியில் மிச்சச் சாமான்களுடன் இருந்தது. சென்ற கிழமை றூபனின் தங்கை றொஷினி மெட்ரோ எடுத்து, பாலாம்பிகை அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தெப்பனேர் என்னும் தெருமுனைக் கடையின் பை ஒன்றுக்குள் இது இருந்தது. டப்பாவைச் சுற்றிய செலோபேனும் ரிபனும் கழற்றப்படவில்லை. அவருக்குத் தமிழ் அவ்வளவு ஓடாது. பிரெஞ்சும் தமிழுமாகச் சொன்னார்: "அண்ணி, அம்மாக்குச் சொல்லாதேங்கோ. நான் பேந்து சொல்லுவன், இப்ப ஏலாது. எனக்கு ஓகஸ்டில கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு ஆக்களும் அங்கதான் தட்டு ஓடர் குடுத்திருக்கினம்." அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. நான் டப்பாவைத் தொடாமல் பையுடனேயே வைத்து, பாலாம்பிகை அக்காவின் முன்னிலையில் உறையில் இட்டு ஒட்டினேன். உறையின் வாயில் எங்கள் இருவரின் கையொப்பமும் உண்டு.

18. எனது தற்போதைய நிலையையும் சொல்ல வேண்டும். மருந்து எடுக்கிறேன். முகம் மறுபடி கறுத்து வருகிறது, அதைப் பார்க்க ஆறுதலாக இருக்கிறது. சிறுநீரகம் எவ்வளவு தூரம் திரும்பும் என்பதை மருத்துவர் இப்போது சொல்ல மாட்டார். பிள்ளை பெற முடியுமா என்று கேட்டேன். அதைப் பிறகு பேசுவோம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். மருத்துவர் அதைவிட நீளமாகப் பேசியிருந்தார்.

19. எனவே நான் தங்களிடம் பணிந்து கேட்பவை:

(அ) முத்திரை உடையாத டப்பாவைத் தங்கள் ஆய்வுகூடத்தில் சோதித்து, முடிவைத் திருமண நீதிமன்ற விசாரணைக்கு முன் எழுத்தில் தருதல்.

(ஆ) தட்டுச் செட் என்ற பெயரில் விற்பவற்றை இக்கடையிலும் மற்றக் கடைகளிலும் கோடைக்கால வைபவங்களுக்கு முன் சோதித்து அகற்றுதல். ஓகஸ்டில் நடக்கும் கல்யாணம் ஒன்றை மேலே குறிப்பிட்டேன்.

(இ) இந்தக் கிறீம் பற்றித் தமிழில் ஓர் அறிவித்தல் அச்சிட்டுத் தேவாலயங்களுக்கும் கோவில்களுக்கும் அனுப்புதல். எழுதித் தருவதற்கு நான் தயார். எனக்கு அந்த வேலை தெரியும்.

20. நாலாவது கோரிக்கை ஒன்றும் உண்டு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

திருமண நீதிமன்றம் பேசாலைப் பங்குக்கு எழுதி எனது அப்பாவை விசாரிக்கக் கேட்டது. அப்பா வேதாகமத்தின் மேல் கை வைத்து, தன் மகளுக்கு எந்த நோயும் இருக்கவில்லை என்று சத்தியம் செய்தார். கதவை மூடித்தான் விசாரித்தார்கள். ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. எனது தங்கைக்குப் பேசி முடிவாகியிருந்த சம்பந்தம் நின்றது. குடும்பத்தில் சிறுநீரக வருத்தம் இருப்பதாகக் கேள்விப்பட்டோம் என்று அவர்கள் மரியாதையாகவே சொன்னார்களாம். அப்பா இப்போது பூசைக்குப் போனால் உள்ளே போவதில்லை, வாசலில் நின்றுவிட்டு வருகிறார் என்று அம்மா சொல்கிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அப்பா அழைத்தார். எப்போதும் அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, இருவருமாகத்தான் பேசுவார். அன்று இயந்திரக் கொட்டிலில் இருந்து தனியாகப் பேசினார். குளிர் எப்படி, மருந்து எடுக்கிறாயா என்று கேட்டார். பிறகு கேட்டது வருமாறு: "பிள்ளை, நான் கோவிக்க மாட்டன். எங்களுக்குச் சொல்லாமல் உனக்கு முந்தியே ஏதும் இருந்ததோ?"

நான் இல்லை அப்பா என்றேன். அவர் "சரி பிள்ளை" என்றார். அந்தச் சரி எனக்குப் பழக்கமானது. இந்த இயந்திரத்தை இனி ஓட வைக்க முடியாது என்று தெரிந்த பிறகும், முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் படகுக்காரருக்கு அவர் சொல்லும் சரி அது.

ஆகவே பரிசோதனை முடிவின் ஒரு பிரதியை அவருக்கும் நேரே அனுப்பி வைக்கும்படி கேட்கிறேன். விலாசத்தை உறையில் எழுதி இணைத்துள்ளேன். அவருக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரியாது. தங்கள் அலுவலக முத்திரையின் கீழ், உங்கள் மகள் இங்கு நோயுடன் வரவில்லை என்று தமிழில் ஒரு வரி இருந்தால் நல்லது. அப்படி எழுதத் தங்கள் விதிகள் இடம் தராது என்பது நானும் அலுவலகத்தில் இருந்தவள் என்பதால் எனக்குத் தெரியும். 'டப்பாவுக்குள் இருந்தது' என்ற இரண்டு சொல் போதும். மகள் சொன்னதை நம்ப அவருக்கு இப்போது கஷ்டமாக இருக்கிறது. முத்திரையை நம்புவார்.

டப்பாவுக்குள் பாதரசம் இல்லை என்று முடிவு வந்தாலும் எனக்கு எழுதுங்கள். அப்படி வந்தால் அவருக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

தங்கள் நேரத்துக்கும் கவனத்துக்கும் நன்றியுடன், தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
அருமைராசா அனோஜினி

மொன்றியல்,
2025 மே 14.